கிறிஸ்துமஸ் யார் வீட்டுப் பண்டிகை?



பரிசளிப்பு விழா மலருக்குச் சரித்திரக் கட்டுரை ஒன்று எழுதித் தர வேண்டும் என்று தலைமையாசிரியர் பணித்தபோது, கடாரம் கொண்ட சோழனைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். அவனைப் பற்றி எழுதாத பள்ளி மலர் உண்டா? எழுதுவதும் சுலபம். ஆனால் என் வகுப்பில் நடந்த ஒரு சிறு சம்பவம் அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது.

நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு ஓவியப் பாடம். "உங்கள் வீட்டுப் பண்டிகையை வரையுங்கள்" என்றேன். தீபாவளி விளக்குகளும் பொங்கல் பானைகளும் மளமளவென்று தாளில் ஏறின. ஒரு பெண்பிள்ளை மட்டும் தன் லயத்து வீட்டை வரைந்து, கூரைக்கு மேலே வால் வைத்த நட்சத்திரம் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "இது வெள்ளைக்காரன் பெருநாளு. நம்ம பெருநாள வரைய சொன்னாங்க சார்" என்றான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வீட்டில் கேட்டதைச் சொன்னான். அவ்வளவுதான். அந்தப் பிள்ளை அழிப்பானை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்த வேகத்தில் தாள் கிழிந்துபோயிற்று. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "இது துரை பண்டிகையா சார்?" என்று கேட்டாள்.

"அப்படியெல்லாம் இல்லம்மா" என்றேன். ஏன் இல்லை என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். பயிற்சிக் கல்லூரியில் பாடம் நடத்தும் முறைகளைச் சொல்லித் தந்தார்கள். இதைச் சொல்லித் தரவில்லை. அதன் பிறகு கிடைத்த புத்தகங்களையெல்லாம் தேடிப் படித்தேன். ஆகவே இந்தக் கட்டுரை அந்தப் பிள்ளைக்குச் சேர வேண்டிய பதில். கொஞ்சம் தாமதமாக வருகிறது. நீங்களும் கூட இருந்து கேளுங்கள்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். "துரை பண்டிகை" என்ற பேச்சு சும்மா வானத்திலிருந்து குதித்து வந்ததல்ல. என் தாத்தா பால்வெட்டுக் காலத்து மனிதர். டிசம்பர் 25ஆம் தேதி காலையில் கிராணிமாரும் தண்டல்மாரும் கோழியும் பழத்தட்டுமாகத் துரை பங்களாவின் பின்வாசலில் வரிசை பிடித்து நிற்பார்களாம். துரை வெளியே வந்து கைகொடுப்பாராம். பெரிய கிராணிக்கு ஒரு டின் பிஸ்கட் கிடைக்குமாம். மரம் வெட்டுகிறவனுக்கு அன்றைக்குப் பிரட்டு இல்லை என்பது மட்டுமே லாபம். ஆண்டுக்கு ஒரு முறை இதைப் பார்த்த சனங்கள் அதைத் துரை பண்டிகை என்று சொன்னதில் என்ன தப்பு? அவர்கள் கண்டது அது.

ஆனால் கண்ணால் கண்டது மட்டுமே சரித்திரம் ஆகிவிடாது. இயேசு பிறந்ததாகச் சொல்லப்படும் பெத்லகேம் ஐரோப்பாவில் இல்லை. நம்முடைய ஆசியாக் கண்டத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. வளர்ந்தது தச்சுத் தொழிலாளி வீட்டில். அப்போது அந்த நாட்டை ஆண்டவர்கள்தாம் துரைமார், அதாவது ரோமானியர்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். இங்கிலாந்து தேசத்து ஆங்கிலேயரின் முன்னோர்களுக்கு இந்த மதத்தைப் போதிக்க அகுஸ்தீன் என்ற துறவி ரோமாபுரியிலிருந்து கெண்ட் பகுதிக்கு வந்து சேர்ந்தது 597-இல். அதற்குச் சற்று முன்பே, அந்த ஆறாம் நூற்றாண்டிலேயே, கோஸ்மாஸ் என்ற அலெக்சாந்திரியா வணிகர் மிளகு விளையும் மலையாளக் கரையில் கிறிஸ்தவர்கள் இருப்பதாக எழுதி வைத்திருக்கிறார். முதல் நூற்றாண்டிலேயே தோமையார் வந்தார், சென்னைக்கு அருகே பரங்கிமலையில் உயிர் நீத்தார் என்பது தொன்றுதொட்டு வரும் ஐதீகம். ஐதீகத்தை விட்டுவிட்டு எழுத்துச் சான்றை மட்டும் எடுத்துக்கொண்டாலும் மிளகுக் கரைக்காரன் துரைக்குப் பின்னால் வந்தவன் அல்லன்.

சரி, டிசம்பர் 25 என்ற தேதி எங்கிருந்து வந்தது? பைபிளில் மத்தேயு, லூக்கா என்ற இருவர் எழுதிய பகுதிகளில்தான் பிறப்பின் கதை வருகிறது. இரண்டிலும் தேதியும் இல்லை, மாதமும் இல்லை. ஆதிக் கிறிஸ்தவர்கள் பிறந்தநாள் கொண்டாடியதாகவே தெரியவில்லை. உயிர்த்தெழுந்த நாள்தான் அவர்களுக்குப் பெரிது. ரோமாபுரியில் 354-இல் தொகுக்கப்பட்ட ஒரு பஞ்சாங்கத்தில்தான் டிசம்பர் 25 முதன் முதலாகத் தென்படுகிறது. அந்தப் பட்டியல் 336-ஐச் சேர்ந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிடுகிறார்கள். ஆக, இயேசு மறைந்து ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் சென்ற பிறகே தேதி குறித்தார்கள்.

ஏன் அந்தத் தேதி? இதில் இரண்டு கட்சி உண்டு. ரோமானியர்கள் "வெல்ல முடியாத சூரியன்" என்று ஒரு தெய்வத்தை வணங்கினார்கள். ஔரேலியன் என்ற சக்கரவர்த்தி 274-இல் அதற்குப் பெரிய கோயில் எழுப்பினான். அதே பஞ்சாங்கத்தில் அந்தச் சூரியனுக்கும் டிசம்பர் 25தான் பிறந்தநாள். சூரியன் திருவிழாவைக் கிறிஸ்தவர்கள் தமதாக்கிக்கொண்டார்கள் என்பது ஒரு கட்சி. மார்ச் 25-இல் மரியாள் கருவுற்றதாக முன்னமே ஒரு கணக்கு இருந்தது, அதிலிருந்து ஒன்பது மாதம் எண்ணினார்கள் என்பது மற்றக் கட்சி. எனக்கென்னவோ இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் கலந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

சூரியன் என்றதும் நமக்கு ஒரு விஷயம் விளங்க வேண்டும். காஹாங்கில் நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இங்கே ஏறக்குறைய கால்மணி நேரம்தான் வித்தியாசம். லண்டன் மாநகரில் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் பகல் எட்டு மணி நேரங்கூட இல்லை. மாலை நாலு மணிக்கு விளக்கேற்ற வேண்டும். அப்படிப்பட்ட குளிர்நாட்டில் சூரியன் வடக்கு நோக்கித் திரும்புகிற நாள் எவ்வளவு பெரிய நாளாக இருந்திருக்கும்! அந்தத் திரும்புதலைத்தான் நாம் உத்தராயணம் என்கிறோம். வானத்துக் கணக்கு நூற்றாண்டு நூற்றாண்டாக நகர்ந்து போனதால் நம் உத்தராயணப் பண்டிகை தை முதல் நாளில் வந்து நிற்கிறது. பொங்கலுக்கும் கிறிஸ்துமஸ் தேதிக்கும் பின்னால் ஒரே சூரியன் நிற்பதாகச் சொன்னால் பிழையாகாது.

அதே ரோமாபுரியில் டிசம்பர் 17 முதல் சட்டர்னேலியா என்று ஒரு கூத்து நடக்கும். ஒருவருக்கொருவர் மெழுகுவர்த்தியும் களிமண் பொம்மையும் பரிசளிப்பார்கள். அடிமைகளுக்கு வேலை கிடையாது. சில வீடுகளில் எஜமானே அடிமைக்குச் சோறு பரிமாறுவான். தோட்டத்து ஆட்களே, பங்களாவின் மேசையில் நீங்கள் உட்கார, துரை குழம்பு ஊற்றுவதை நினைத்துப் பாருங்கள்! திருவிழா முடிந்த மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். இருந்தாலும் பரிசு கொடுக்கும் வழக்கத்துக்கும் விருந்துக்கும் அதில் ஒரு வேர் இருக்கிறது என்கிறார்கள்.

இனி குடிலுக்கு வருவோம். வைக்கோல், மாட்டுத்தொட்டி, பசு, கழுதை, குழந்தை என்று வீட்டு மூலையில் வைக்கிறார்களே, அதைப் பிரபலமாக்கியவர் இத்தாலி தேசத்து அசிசி நகரப் பிரான்சிஸ். துணி வியாபாரியின் மகனாகப் பிறந்து, சொத்தெல்லாம் உதறிவிட்டுப் பிச்சையேற்று வாழ்ந்தவர். பட்டினத்தார் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1223-இல் கிரேச்சியோ என்ற மலைக் கிராமத்தில், படிக்காத ஏழை சனங்களுக்குப் பிறப்பின் கதை கண்முன்னே தெரிய வேண்டும் என்பதற்காக, நிசமான மாட்டுத்தொட்டியில் வைக்கோல் பரப்பி, நிசமான மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தினார். பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் எனக்கு இந்த மனிதர் மேல் தனி மரியாதை. இதைவிடச் சிறந்த பாடத்துணைப் பொருள் உண்டா? ஒரு வேடிக்கை: பைபிளின் பிறப்புக் கதையில் மாடும் இல்லை, கழுதையும் இல்லை. தொட்டி மட்டும்தான் இருக்கிறது. தொட்டி இருந்தால் மாடு இருக்கத்தானே வேண்டும் என்று சனங்கள் சேர்த்துக்கொண்டார்கள். ஏசாயா என்ற பழைய தீர்க்கதரிசி மாட்டையும் கழுதையையும் பற்றிச் சொன்ன ஒரு வாக்கும் அதற்குத் துணை நின்றது.

மூன்று ராஜாக்கள் கதையும் இப்படித்தான். கிழக்கிலிருந்து ஞானிகள் வந்தார்கள் என்றுதான் மத்தேயு எழுதியிருக்கிறார். எத்தனை பேர் என்று சொல்லவில்லை. ராஜாக்கள் என்றும் சொல்லவில்லை. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்று. ஆகவே ஆளும் மூன்று என்று ஆயிற்று. காஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்று பிற்காலத்தார் பெயர் சூட்டினார்கள். காஸ்பார் இந்தியாவிலிருந்து போனவர் என்று ஒரு மரபும் உண்டு. கட்டுக்கதைதான், ஆனாலும் கேட்க நன்றாக இருக்கிறது.

சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு கடைத்தெருவில் மணியடிக்கிறாரே கிறிஸ்துமஸ் தாத்தா, அவர் யார்? இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் நம் வீட்டுக் கவலை ஒன்று இருக்கிறது. நான்காம் நூற்றாண்டில் மீரா என்ற ஊரில் நிக்கோலாஸ் என்ற ஆயர் இருந்தார். அந்த ஊர் இன்றைய துருக்கி நாட்டில் இருக்கிறது; அதுவும் ஆசியாதான். அவ்வூரில் நொடித்துப்போன ஒரு மனிதனுக்கு மூன்று பெண்கள். சீர் கொடுக்க வழியில்லை. கல்யாணம் நடக்காது. பெண்களை விற்றுவிடுவதைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலைக்குத் தகப்பன் வந்துவிட்டான். இது நிக்கோலாசின் காதுக்கு எட்டியது. ஓர் இரவு யாருக்கும் தெரியாமல் போய், சன்னல் வழியாக ஒரு பை பொற்காசை உள்ளே போட்டுவிட்டு வந்தார். மூத்தவள் கல்யாணம் முடிந்தது. மறுமுறை இன்னொரு பை, இரண்டாமவள் கரையேறினாள். மூன்றாவது முறை தகப்பன் தூங்காமல் காத்திருந்து, ஓடிப்போய்க் காலைப் பிடித்துக்கொண்டான். "யாரிடமும் சொல்லாதே" என்பதுதான் அவர் கேட்டுக்கொண்ட ஒரே கைம்மாறாம். காசு நெருப்போரம் காயப்போட்டிருந்த காலுறைக்குள் விழுந்தது என்று பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள். பிள்ளைகள் காலுறை தொங்கவிடும் வழக்கத்துக்கு அதையே காரணமாகக் காட்டுகிறார்கள்.

பெண்ணைக் கட்டிக்கொடுக்க வட்டிக்கு வாங்கிய கடன் எத்தனை லயத்து வீடுகளைத் தின்றிருக்கிறது என்பதை நான் சொல்லவா வேண்டும்? அந்தத் தகப்பனின் தூக்கம் கெட்ட இரவு நமக்கு அந்நியமானதல்ல.

நிக்கோலாஸ் திருநாள் டிசம்பர் 6. ஒல்லாந்தர் அவரை சின்டர்கிளாஸ் என்று அழைத்தார்கள். அவர்கள் அமெரிக்காவில் குடியேறியபோது அந்தப் பெயரும் கூடவே போய், சாண்டா கிளாஸ் ஆயிற்று. 1823-இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்த ஒரு பாட்டு அவரை எட்டுக் கலைமான் பூட்டிய வண்டியில் ஏற்றியது. 1863 முதல் தாமஸ் நாஸ்ட் என்ற சித்திரக்காரர் அவருக்குத் தொந்தி வைத்தார். 1931 முதல் கொக்கோ கோலா விளம்பரப் படங்கள் அவரை உலகமெங்கும் கொண்டு சேர்த்தன. சிவப்புச் சட்டையைக் கொக்கோ கோலாதான் மாட்டிவிட்டது என்பார்கள். அது சரியல்ல, சட்டை முன்னமே சிவப்புதான். எப்படியோ, ரகசியமாகத் தர்மம் செய்த ஆசியாக்காரர் ஒருவர் கடைத்தெரு வியாபாரியாக மாறிப்போனார். அதற்கு அவர் என்ன செய்வார், பாவம்!

மரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. போனிபாஸ் என்ற துறவி எட்டாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் மக்கள் கும்பிட்ட ஓக் மரத்தை வெட்டினார், அதன் அடியிலிருந்து பிர் மரம் முளைத்தது என்பது ஒரு கதை. வெட்டியது உண்மை, முளைத்தது பின்னால் சேர்ந்தது. மார்ட்டின் லூதர் காட்டு மரக்கிளைகளின் ஊடே நட்சத்திரங்களைப் பார்த்துவிட்டு வீட்டு மரத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினார் என்பது இன்னொரு கதை. அதற்கும் ஆதாரம் இல்லை. ஆதாரம் உள்ளது என்னவென்றால், 1605-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தார் வீட்டுக்குள் பிர் மரம் வைத்துக் காகிதப் பூவும் ஆப்பிளும் தொங்கவிட்டார்கள் என்ற குறிப்பு. இங்கிலாந்தில் பொதுமக்களிடையே இது பரவியது, 1848-இல் விக்டோரியா மகாராணியின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் பத்திரிகையில் வந்த பிறகுதான். துரைமாரே இதை ஜெர்மனியிடமிருந்து இரவல் வாங்கியவர்கள்! தமிழ்நாட்டில் சவுக்குக் கிளையை வெட்டி வைக்கிறார்கள். நம் பக்கத்திலும் மெர்சிங் கடற்கரைச் சவுக்கை, மலாய்க்காரர்கள் ரூ மரம் என்கிறார்களே அதை, ஒரு கிளை ஒடித்து வந்து மண் நிரப்பிய எண்ணெய் டின்னில் நட்டு வைத்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன்.

இனிமேல்தான் நம்முடைய பங்கு.

பாண்டிக் கடற்கரையில் முத்துக்குளித்த பரதவர்கள் 1530-களில் கிறிஸ்தவர்களானார்கள். அவர்களிடம் 1542-இல் வந்து தமிழில் மன்றாட்டுகளைச் சொல்லிக் கொடுத்த பிரான்சிஸ் சவேரியார்தான் 1545-இல் நம் மலாக்காவுக்கும் வந்தவர். 1552-இல் சீனக் கரையோரம் இறந்த அவர் உடலை மலாக்காவுக்கும் கொண்டுவந்து புதைத்தார்கள்; பிறகே கோவாவுக்கு எடுத்துச் சென்றார்கள். மலாக்காவுக்குச் சுற்றுலா போகும்போது குன்றின்மேல் கூரையில்லாமல் நிற்கும் பாழடைந்த தேவாலயத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 1578-இல் கொல்லத்தில் அச்சான "தம்பிரான் வணக்கம்" என்ற பதினாறு பக்கப் புத்தகமே இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல். அதுவும் இந்தச் சனங்களுக்காக ஆனது.

1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் ஓர் ஜெர்மானிய இளைஞர் கப்பலைவிட்டு இறங்கினார். பெயர் சீகன்பால்க். டென்மார்க் ராஜா அனுப்பி வந்தவர். தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. என்ன செய்தார் தெரியுமா? வயதான ஒரு திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரைத் தேடிப் பிடித்து, பள்ளிக்கூடத்தைத் தம் வீட்டிலேயே நடத்தச் சொல்லி, பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் படித்தார். மாணவச் செல்வங்களே, எழுத்துக்கூட்டச் சோம்பல் வரும்போது இந்த மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள். 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்து முடித்தார்.

இன்னொரு சேதி. தரங்கம்பாடியில் ஒரு தமிழ் நாவிதர் இறந்துபோய், அவருடைய விதவை கடன் வழக்கு ஒன்றில் மாட்டிக்கொண்டாள். எதிராளி கம்பெனியில் செல்வாக்கு உள்ளவன். சீகன்பால்க் அந்த ஏழைப் பெண்ணின் பக்கம் நின்று கோட்டைத் தளபதியிடம் திரும்பத் திரும்ப வாதாடினார். தளபதிக்குக் கோபம் வந்துவிட்டது. 1708-ஆம் ஆண்டின் கடைசியில் அவரைப் பிடித்து நான்கு மாதம் சிறையில் அடைத்தான். அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் அவருக்குச் சிறைக்குள்ளே கழிந்தது. அடைத்தவனும் வெள்ளைக்காரன், அடைபட்டவரும் வெள்ளைக்காரர். ஆகவே பங்களாவின் பின்வாசலில் என் தாத்தா பார்த்தது மட்டும் கிறிஸ்துமஸ் அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி எனக்குத் தேவையில்லை.

பரமார்த்த குருவையும் அவருடைய முட்டாள் சீடர்களையும் நினைத்து நீங்கள் வயிறு குலுங்கச் சிரித்திருப்பீர்கள். அதை எழுதியவர் வீரமாமுனிவர் என்பதும் தெரிந்திருக்கும். இத்தாலியில் பிறந்த அவர் 1726-இல் முடித்த காவியம் "தேம்பாவணி". மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3,615 பாடல். கதாநாயகன் யார்? இயேசுவின் வளர்ப்புத் தந்தையாகிய சூசையப்பர். வளன் என்று தமிழ்ப் பெயர் வைத்து, கம்பனும் திருத்தக்க தேவரும் நடந்த பாதையிலே காவியம் செய்தார். ஒரு தச்சனைக் காவிய நாயகனாக்கியதைக் கவனிக்க வேண்டும்.

அந்த வழியில் வந்த நம்மவர்தான் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774-இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, 1864 வரை தொண்ணூறு ஆண்டு வாழ்ந்தவர். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியோடு கூடப் படித்தவர். குற்றாலக் குறவஞ்சி கேட்டிருக்கிறீர்கள் அல்லவா? குறத்தி வந்து மலைவளம் சொல்லிக் குறி சொல்வாளே, அதே அமைப்பில் "பெத்லகேம் குறவஞ்சி" பாடினார். அவருடைய கீர்த்தனைகள் இன்றும் தமிழ்த் தேவாலயங்களில் ராகதாளத்தோடு ஒலிக்கின்றன. டிசம்பர் 25 நமக்கு மார்கழி மாதம். மார்கழியில் நாம் விடியற்காலையில் பஜனை பாடிக்கொண்டு தெருவைச் சுற்றினால், தமிழ்க் கிறிஸ்தவர்கள் ராத்திரியில் ஆர்மோனியமும் தபேலாவும் ஜால்ராவுமாக வீடு வீடாகப் பாடிப் போகிறார்கள். பல ஊர்களில் அதற்கும் பஜனை என்றுதான் பெயர். வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து சுக்குக் காப்பி கொடுப்பார்கள். வெள்ளைக்காரன் சுக்குக் காப்பி குடித்து நான் கேள்விப்பட்டதில்லை!

பாட்டு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. உலகமெங்கும் பாடப்படும் "அமைதியான இரவு" என்ற ஜெர்மன் பாட்டு முதலில் ஒலித்தது 1818 டிசம்பர் 24-இல், ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ப் என்ற சிற்றூரில். எழுதியவர் ஜோசப் மோர் என்ற ஏழைத் துணைக் குருவானவர். மெட்டமைத்த பிரான்ஸ் குரூபர் யார் தெரியுமா? பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியார்! ஆர்கன் பெட்டியை எலி கடித்துவிட்டதால் கித்தார் வாசித்துப் பாடினார்கள் என்பது கதை. கித்தார் உண்மை, எலி சந்தேகம்.

ஒரு சொல்லின் பயணத்தையும் கேளுங்கள். இலங்கைத் தமிழர்கள் கிறிஸ்துமஸை "நத்தார்" என்பார்கள். போர்த்துக்கீசிய மொழியில் பிறப்புத் திருநாளுக்கு "நத்தால்" என்று பெயர். அதுதான் நத்தார் ஆயிற்று. இந்தோனேசியர்கள் இன்றும் "நத்தால்" என்றே சொல்கிறார்கள். போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தது 1511-இல். அவர்கள் போய்விட்டார்கள், சொற்கள் போகவில்லை. நாம் மேசை என்பதை மலாயில் மேஜா என்கிறோம், ஜன்னலை ஜெண்டேலா, அலமாரியை அல்மாரி. மலாய்மொழியின் கெரெஜாவும் செக்கோலாவும் அதே கப்பலில் வந்திறங்கியவை. வாஸ்கோட காமா 1497 டிசம்பர் 25-இல் ஆப்பிரிக்காவின் ஒரு கரையைக் கடந்தபோது, கிறிஸ்துமஸ் நாள் என்பதால் அதற்கு நத்தால் என்றே பெயரிட்டான். அந்த நேட்டாலுக்குத்தான் 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து "ட்ரூரோ" என்ற கப்பல் நம் ஆட்களைக் கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோய் இறக்கியது. கிறிஸ்துமஸ் என்று பெயர் வைத்த மண்ணில் இறங்கிய அவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். கூலிக்கணக்கு எழுதிய துரைக்கு அவர்களுடைய பண்டிகை எது என்ற கவலை இருந்ததாகத் தெரியவில்லை. ரஜூலா கப்பலில் வந்த நம் பாட்டன்மாருக்கு இது விளங்காத கதையல்ல.

நான் வளர்ந்த லயத்தில் ஒரே ஒரு கிறிஸ்தவக் குடும்பம். அந்த வீட்டுப் பாட்டியை நாங்கள் "நட்சத்திர வீட்டுப் பாட்டி" என்போம். டிசம்பர் பிறந்தால் மூங்கில் பிளாச்சு சீவி, கண்ணாடித்தாள் ஒட்டி, வாசலில் நட்சத்திரம் கட்டிவிடுவார். அச்சுமுறுக்கு சுட்டு லயம் முழுக்கக் கொடுப்பார். 2006 டிசம்பரில் ஜொகூரே வெள்ளத்தில் மிதந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்த வெள்ளத்தில் மாநிலமெங்கும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். எங்கள் லயம் மேட்டில் இருந்ததால் தப்பித்தது. ஆனால் ரோடு அறுந்துபோயிற்று, கரண்டும் இல்லை. குளுவாங் கோயிலுக்குப் பூசைக்குப் போக முடியாமல் பாட்டி வாசலில் உட்கார்ந்திருந்தார். அந்த நட்சத்திரத்துக்குள் ஒரு மெழுகுவர்த்தியை வைத்துக் கொளுத்தினார். என் அம்மா, நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர், தூக்குச்சட்டியில் சோறும் சாம்பாரும் எடுத்துக்கொண்டு குடை பிடித்துப் போனார். "என்னம்மா, இந்த மழையில?" என்றாராம் பாட்டி. "நல்ல நாளும் அதுவுமா பட்டினி கிடப்பீங்களா?" என்றாராம் அம்மா. அந்த இருட்டில் லயத்தில் தெரிந்த வெளிச்சம் அது ஒன்றுதான்.

நட்சத்திர விளக்குக்கும் ஒரு பள்ளிக்கூடக் கதை இருக்கிறது. 1830-களில் ஜெர்மனியின் நீஸ்கி என்ற ஊரில், மொராவியச் சபையார் நடத்திய ஆண்பிள்ளைகள் பள்ளியில், வடிவக் கணிதம் கற்பிக்கக் காகிதத்தில் நட்சத்திரம் செய்யச் சொன்னார்கள். அந்தக் கணக்குப் பாடமே பிற்பாடு ஊரூராகத் தொங்கும் கிறிஸ்துமஸ் விளக்காயிற்று. படித்தவுடனே எனக்கு யோசனை வந்துவிட்டது.

சென்ற மாதம் நான்காம் ஆண்டு வகுப்பில் கணிதப் பாடம் நடத்தினேன். ஒரு வட்டத்துக்கு 360 பாகை. ஐந்து முனைக்குப் பங்கிட்டால் எத்தனை? எழுபத்திரண்டு என்று முதலில் கத்தியவன் அன்று எட்டிப் பார்த்த அதே பையன்தான். மூங்கில் பிளாச்சு அவன் அப்பா சீவிக் கொடுத்தார். கட்டி முடித்துக் கண்ணாடித்தாளும் ஒட்டியாயிற்று. அந்தப் பெண்பிள்ளை மட்டும் திருப்தியில்லாமல் நின்றுகொண்டிருந்தாள். "வால் எங்க சார்?" என்றாள். வாலுக்கு எத்தனை பாகை என்று எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. பையன் மிச்சமிருந்த சிவப்புத் தாளை நீளமாக வெட்டிக் கொடுத்தான், அவளே ஒட்டினாள்.

அது இப்போது நம் பள்ளி நூல்நிலையத்து ஜன்னலில் தொங்குகிறது. விழாவுக்கு வரும்போது பார்க்கலாம். விடுமுறை விட்டதும் அவள் வீட்டுக்குப் போய்விடும். டிசம்பர் 25 மாலையில் எல்லாரும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வர வேண்டும், அச்சுமுறுக்கு தயாராக இருக்கும் என்று அவளுடைய பாட்டி என்னிடம் சொல்லியனுப்பியிருக்கிறார். வீடு எது என்று கேட்க வேண்டியதில்லை. வாலுள்ள நட்சத்திரம் அந்த லயத்தில் ஒன்றுதான்.